தோற்றவருக்குச் சாவி

"இன்னிக்கும் அவன் கடைசியா வந்தான்னா, ஸ்டிக்கரை என் கையாலயே உரிச்சிடுவேன்!"

மனைவியிடம் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் தங்காக் ஊர் ஜவுளிக்கடை காசி செட்டியார் காலையிலேயே முதன்முறையாக ரேஸ் திடலுக்குக் கிளம்பி வந்திருந்தார்.

கோபம் வராதா பின்னே? ரெங்கம் ஊரில் கார் பட்டறை வைத்திருக்கும் யுகேந்திரனுக்கு ரேஸ் என்றால் உயிர், கையில்தான் காசில்லை. அவனுடைய பழைய சிவப்புக் காருக்கு டயரிலிருந்து எண்ணெய் வரை செட்டியார் செலவு. பதிலுக்கு பானெட்டில் 'அழகம்மை சில்க்ஸ்' என்று கொட்டை எழுத்தில் ஒரு ஸ்டிக்கர்.

மூன்று மாதத்துக்கு ஒரு பந்தயம். வசூல் முழுக்க குளுவாங் டயாலிசிஸ் மையத்துக்கு. நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் போன இரண்டு தடவையும் அழகம்மை சில்க்ஸ்தான் கடைசி.

"செட்டியாரே, உங்க கடை இன்னும் வந்து சேரலியாமே!" என்று சேலை எடுக்க வந்தவர்கள்கூடக் கிண்டல் அடித்துவிட்டுப் போனார்கள்.

கூடாரத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள்.

கொடி அசைந்தது. பதினைந்து கார்களும் பாய்ந்தன.

இரண்டாவது சுற்றில் யுகேந்திரன் ஆறாவது இடம். ஐந்தாவது சுற்றில் மூன்றாவது!

"அப்படிப் போடு!" செட்டியார் எழுந்தே விட்டார்.

"அலமாக்! ஜெயிச்சிடுவான் போல இருக்கே!" பக்கத்து அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

செட்டியார் திரும்பினார். "ஏம்மா, யாரைச் சொல்றீங்க?"

"அந்தச் செவப்புக் காரைத்தான். அவன் தோக்கணும் முதலாளி. நீங்களும் கொஞ்சம் வேண்டிக்குங்க லா."

"அது என் கடை வண்டிம்மா!"

அந்த அம்மாள் அசரவில்லை. கண்ணை மூடி முணுமுணுவென்று வேண்ட ஆரம்பித்துவிட்டாள். என்ன நெஞ்சழுத்தம் என்று செட்டியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேண்டுதல் பலித்தது. கடைசிச் சுற்றில் சிவப்புக் கார் தளர்ந்தது. மற்ற கார்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. மணியத்தின் நோஞ்சான் காஞ்சில் கார்கூடத் தாண்டிப் போனது.

"அப்பாடா, முருகா!" அந்த அம்மாள் கைதட்டினாள். பின்வரிசையில் இருந்த ஏழெட்டுப் பேரும் சேர்ந்து தட்டினார்கள்.

செட்டியார் விறுவிறுவென்று திடலுக்குள் இறங்கினார். அங்கே கிளப் தலைவர் சிவசம்பு மைக்கில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வழமைபோல, கடைசியா வந்தவருக்குச் சாவி!"

யுகேந்திரன் கழுத்தில் ரிப்பன் கட்டிய சாவியை மாட்டினார்கள். ஒரே விசில். "தப்பிச்சேன்டா சாமி!" என்று முதலில் வந்த திவாகரன் கும்பிட்டுக் காட்டினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

யுகேந்திரன் காருக்குத் திரும்பியபோது செட்டியார் ஸ்டிக்கரின் ஒரு மூலையை உரித்திருந்தார்.

"வேணும்னேதானே விட்டே?"

"ஆமாண்ணே." அவன் தலை குனிந்தான். "உரிச்சிடுங்க. உங்க மேல தப்பில்ல."

"அவனைத் திட்டாதீங்க முதலாளி!" கூடாரத்து அம்மாள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "என் பேரு ராசம்மா. டயாலிசிஸ் நோயாளி. அது எங்க வேன் சாவி."

"வேன் சாவியா?"

"ரெங்கம், லாயாங் லாயாங் ரெண்டு ஊர்லயும் இருக்கிற எங்க ஒன்பது பேரையும் வாரத்துல மூணு நாள் விடியக்காலம் ஏத்திட்டு குளுவாங் போவணும். கடைசியா வர்றவங்களுக்கு மூணு மாசம் அதுதான் தண்டனை."

"தண்டனையா?"

"ஆமா. போன வருசம் தோத்த ஒருத்தரு, ஒரு நாள் தூங்கிட்டாரு, இன்னொரு நாள் மறந்தே போயிட்டாரு. செல்லப்பன் அண்ணன் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில பத்து நாள் கெடந்தாரு. இந்தத் தம்பி ஓட்டுன ஆறு மாசத்துல ஒரு நாள்கூட லேட்டு இல்ல."

செட்டியார் யுகேந்திரனைப் பார்த்தார். "அப்ப நானே ஓட்டுறேன்னு கேட்டு வாங்க வேண்டியதுதானே?"

"கேட்டேண்ணே. தலைவர் ஒத்துக்கல. அந்தச் சாவிக்குப் பயந்துதான் எல்லாரும் உயிரைக் கொடுத்து ஓட்டுறாங்களாம். யாரு மாட்டுறாங்கன்னு பார்க்கத்தான் கூட்டமும் வருதாம். நானே கேட்டு வாங்கிட்டா சுவாரசியம் போயிடும்னுட்டாரு."

செட்டியார் திரும்பிப் பார்த்தார். எதிரே மையத்துக்கான பெரிய காசோலையைப் பிடித்துக்கொண்டு பதினாலு பேரும் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, பதின்மூன்று பேர். மணியம் மட்டும் தன் காஞ்சில் பக்கத்திலேயே நின்று, கண்ணாடி துடைப்பதுபோல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

உரித்த மூலையைச் செட்டியார் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினார். அது சரியாக ஒட்டவில்லை. "புதுசா அடிச்சுத் தர்றேன்டா" என்றார்.

மூன்று மாதம் கழித்து அதே கூடாரம், பக்கத்தில் அதே ராசம்மா.

பதின்மூன்று கார்கள் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டன. மிச்சம் இரண்டு கார்கள், கோட்டுக்குப் பத்தடி முன்னால் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று யுகேந்திரனுடையது. இன்னொன்று மணியத்தின் காஞ்சில். இரண்டும் நகர மாட்டேன் என்றன. சிவசம்பு மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

காசி செட்டியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலி மேலேயே ஏறி நின்று கத்தினார்:

"விட்டுடாதடா யுகா! அவனை முன்னால போகச் சொல்லு!"