சரக்கோடு சரக்காக

ஸ்பேனரை ஓங்கி, சரக்கு விமானத்தைத் திருப்பச் சொன்னார் அருளப்பன். முதல் அடியிலேயே கேப்டனின் நெற்றி பிளந்திருந்தது. “எங்கய்யா திருப்ப?” என்று கேப்டன் கேட்டார். அருளப்பன் யோசித்த அந்த நொடியில் துணை விமானி ரெஹானா ஸ்பேனரைப் பிடுங்கிவிட்டாள்.

தரையிறங்க இருபது நிமிடம் இருந்தது. அதற்குள் அவரைச் சரக்குப் பெட்டியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அவர் முரண்டு பிடிக்கவில்லை. பதினெட்டு வருஷமாக இந்தப் பெட்டிகளைக் கட்டியவர் அவர்தான். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்ற கம்பெனிக் கடிதம் அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது.

சரக்கு கட்டும் பட்டையை ரெஹானா அவர்மேல் சுற்றி இழுத்தாள்; அது வழுக்கியது.

“அப்படி இல்லம்மா. கொக்கிய கீழ வளையத்துல மாட்டிட்டு இழுங்க. இல்லேன்னா இறங்கறப்ப அவுந்துரும்.”

“பேசாதீங்கண்ணே” என்றாள். ஆனால் அவர் சொன்னபடியேதான் கட்டினாள்.

பெட்டிகளை இழுத்துப் பார்ப்பதுபோல, அருளப்பன் தன் உடம்பை மூன்று முறை முன்னால் தள்ளிப் பார்த்தார். பட்டை அசையவில்லை. பிறகு, ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சொல்வதைப்போலவே விமானி அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“எல்லாம் சரியா இருக்கு சார். போலாம்.”

கேப்டனும் நெற்றியை அழுத்திப் பிடித்தபடி, திரும்பாமலே, “தேங்க்ஸ் அருளப்பா” என்றார்.