அரிசி கழுவிய தண்ணீர்

வீட்டுக்கு வரும் தண்ணீரைக் குழாய்க்கும் செடிக்கும் பங்கு பிரிப்பது பால்கனியில் இருக்கும் தக்காளித் தொட்டிதான். அரிசி கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட வசுமதிக்கு மனசு வரவில்லை. பழக்கதோஷத்தில் தினமும் தொட்டியில் ஊற்றினாள். இந்த வீட்டில் தண்ணீர் மிஞ்சுகிறது என்று தொட்டி முடிவு செய்துவிட்டது. அன்றிலிருந்து குழாயில் தண்ணீர் நூல் போலத்தான் வந்தது. இன்று அதுவும் இல்லை.

மகள் நிலா காய்ச்சலில் முனகினாள். "தண்ணி வேணும்மா."

கணவன் தணிகை தொட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "புள்ளைக்கு ஜுரம் கொதிக்குது. ஒரே ஒரு டம்ளர் குடுங்க சார்."

"உங்கள் கோரிக்கை நாளை பரிசீலிக்கப்படும்," என்றது தொட்டி. அதன் வயிற்றுக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. தொட்டியை உடைத்தால் தண்டனையாகக் கட்டடம் முழுவதற்கும் தண்ணீர் நின்றுவிடும்.

வசுமதி ஒரு பழத்தைப் பறித்து வந்து மகளின் வாயில் பிழிந்தாள். நிலா சப்புக்கொட்டினாள்.

பால்கனியிலிருந்து குரல் வந்தது. "பழம் உண்ணப்பட்டது. வீட்டில் தாகம் தணிந்தது. குழாய்க்கான நாளைய பங்கு செடிக்கு மாற்றப்படுகிறது."

"இன்னொண்ணும்மா," என்றாள் நிலா.