சோற்றுக்கைப் பக்கம்

கீழே, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி குலம் ஒரு சக்கரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

குடையைத் தவிர வேறெதையும் தூக்கி அறியாத மனிதர் அவர். அவருக்குப் பின்னால் ரெம்பியா ரப்பர்த் தோட்டத்து ஜனம் துண்டுகளை வீசிக்கொண்டு திடல் முழுக்க ஓடியது.

வழியனுப்புகிறார்கள் என்று நினைத்து, விமானத்தின் முன் இருக்கையில் இருந்த பெரியதம்பி முதலில் கையைக்கூட ஆட்டிவிட்டான்.

பிறகுதான் சக்கரத்தைப் பார்த்தான். தோட்டத்தில் அந்த அளவுச் சக்கரம் வேறு எதற்கும் கிடையாது. இந்தத் தபால் விமானத்துக்கு மட்டும்தான் உண்டு, அதுவும் இரண்டே இரண்டு. தரையை விட்டு எழும்பிய கையோடு அதில் ஒன்று கழன்று விழுந்திருக்கிறது.



பின் இருக்கையில் இருந்து விமானத்தை ஓட்டிய வெள்ளைக்காரத் துரையும் பார்த்துவிட்டார். விமானத்தை ரப்பர் மரங்களுக்கு மேலாக வட்டமடிக்கத் திருப்பினார். பேச்சுக் குழாயில் அவர் குரல் வந்தது.

"பெரியதம்பி, எந்த சைடு போச்சு? தெரியுமா?"

தோட்டத்தில் சின்னத் துரையாக இருந்து, ஆட்களை ஏசுவதற்கென்றே கற்றுக்கொண்ட தமிழ். இன்றைக்கு அதில் ஏச்சு இல்லை. அதுதான் பெரியதம்பியை இன்னும் பயமுறுத்தியது.

ஒற்றைச் சக்கரத்தில் இறங்கிவிடலாம். எந்தச் சக்கரம் மிச்சம் என்று தெரிந்தால் போதும். அந்தப் பக்கமாகச் சாய்த்து இறக்கி, வேகம் அடங்கும்வரை மறுபக்கத்தைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். பக்கம் மாறினால் குப்புறக் கவிழும். பெட்ரோல் தொட்டியோ தலைக்கு நேர் மேலே இருக்கிறது.

இருவர் இருக்கையிலிருந்து பார்த்தாலும் சக்கரம் தெரியாது. கீழ் இறக்கை மறைக்கும்.

ஆனால் பெரியதம்பிக்குத் தெரியும்.

நேற்று ஆயுத பூஜை. தோட்டத்துக் கத்தி, கோடரி, கிராணியின் பேனா வரைக்கும் சாமி முன்னால் ஓய்வெடுத்தன. விமானத்தைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுச் சாமி முன்னால் வைக்க முடியுமா? அதன் சார்பாக, கொட்டகையில் வைத்து வலது சக்கரத்தை அச்சிலிருந்து கழலாமல் பிடித்துவைக்கும் கடையாணியைக் கழற்றினான். பக்கத்தில் தட்டோடு நின்ற பெண்டாட்டி கருப்பாயியிடம் கொடுத்தான். தட்டில் இரண்டு வாழைப்பழம், இரண்டு வெற்றிலை, இரண்டு பாக்கு இருந்தன. வீட்டுக்குக் கொண்டுபோய் வை என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

காலையில் மறுபூஜை முடித்துத் திரும்ப மாட்டுவதாகத்தான் எண்ணம். விமானம் பிற்பகலில்தானே கிளம்பும்.

விடிந்ததும் சிங்கப்பூரிலிருந்து தந்தி வந்தது. உடனே கிளம்ப வேண்டுமாம். துரை மோட்டார் காரைத் தொழிலாளர் லயத்து வாசலுக்கே கொண்டுவந்து, சட்டைப் பித்தான்கூடப் போடவிடாமல் அவனை ஏற்றிக்கொண்டார். ஆணி மறந்தே போயிற்று.

சொன்னால் தொலைந்தான். ரப்பர்ப் பாலுக்குப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவன், விமானத்தைப் பழுதுபார்க்கும் பிட்டராகி, விமானத்தில் ஏறிய முதல் ஆள் என்று பத்துத் தோட்டத்தில் பேரெடுத்தவன். வேலை போகும், ஜெயில்கூட வரலாம்.

கண்ணால் பார்த்தேன் என்று அளக்கவும் வழியில்லை. பார்க்க முடியாது என்பது துரைக்கே தெரியும். பேசாமல் இருந்தால் பாதிக்குப் பாதி. துரை சரியான பக்கத்தை ஊகித்துவிட்டால் உயிரும் மிஞ்சும், வேலையும் மிஞ்சும்.

பெரியதம்பி பேசாமல் இருந்தான். வெட்கக்கேடுதான், ஆனாலும் இருந்தான்.

மூன்றாவது வட்டத்தில் துரை விமானத்தை மெல்ல வலது பக்கமாகச் சாய்த்துப் பழகிப் பார்த்தார்.

தப்பான பக்கம்.

அவன் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ரைட்டு சைடுதான் தொரை போயிருக்கு, சோத்துக்கைப் பக்கம். நாந்தான் ஆணியக் கழட்டினேன், மாட்ட மறந்துட்டேன்."



விமானம் இடது பக்கமாகச் சாய்ந்தது.

திடல் எழும்பி வந்தது. இடது சக்கரம் புல்லைத் தொட்டது, குதித்தது, மறுபடி தொட்டது. துரை வலது இறக்கையைத் தூக்கியே வைத்திருந்தார். கடைசியில் அது களைத்துப்போய்த் தரையில் உரசியது. விமானம் அரை வட்டம் சுற்றி, புழுதிக்குள் நின்றது.

பெரியதம்பி இறங்கிக் கைகட்டி நின்றான். அறை விழும் என்று கன்னத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தான். துரை அடிக்கவில்லை. இடது சக்கரத்தின் ரப்பரில் பூட்சுக் காலை ஊன்றிச் சுருட்டைப் பற்றவைத்தார். இரண்டு மூன்று குச்சி வீணாயிற்று.

போகட்டும், நம்மைக் காப்பாற்றிய சக்கரம் என்று அவனும் அதை நன்றியோடு பார்த்தான்.

அப்போதுதான் கருப்பாயி, விமானச் சத்தம் கேட்டதிலிருந்து ஓடி வந்தவள், மூச்சிரைக்க வந்து பூஜைத் தட்டை அவன் முன்னால் நீட்டினாள்.

தட்டில் சந்தனமும் குங்குமமும் இட்ட கடையாணிகள் இரண்டு இருந்தன.

"சாமிக்கு ஒத்தையா வைக்கலாமாங்க? அதான் நீங்க குளிக்கப் போனப்புறம், அந்தப் பக்கத்ததையும் கழட்டி எடுத்தாந்தேன்."

பெரியதம்பி ஓர் ஆணியை எடுத்துக்கொண்டு, துரையின் காலடியில் குனிந்தான்.

இடது அச்சில் ஆணி செருகும் துளையைக் காணவில்லை. சக்கரம் வெளியே நகர்ந்து வந்து அதை மூடியிருந்தது. அதுவும் கழன்று விழ இன்னும் ஒரு விரல்கடை அச்சுதான் மிச்சம் இருந்தது.