கோணல் நடவு

பௌர்ணமிக் கடல் உப்புச் சதுப்பில் ஏறிவிட்டு இப்போது வடிகிறது. கரையில் நிற்கும் தையற்காரர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். போன வருஷம் கரை அரிக்காமல் இருக்க அவர் நூல் பிடித்து வரிவரியாக நட்ட உமரிச் செடிகளுக்கு நடுவே கடல் ராஜபாட்டையில் வருவதுபோல் வந்து அத்தனையையும் வாரிக்கொண்டு போனது. இந்த முறை மனைவி கொத்துக் கொத்தாக, கோணல்மாணலாக நட்டிருக்கிறாள். இதுவும் போனால் கரை அரித்துவிடும், வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். பழுப்புத் தண்ணீர் இறங்க இறங்க ஒரு கொத்து தலைதூக்குகிறது, பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் வெயில் பட்ட இடமெல்லாம் பச்சை. முழங்கால் சேற்றில் நிற்கும் மனைவி இடுப்பில் கைவைத்துத் திரும்புகிறாள். "என்னங்க, ஒண்ணாவது நேரா இருக்கா பாருங்க." "ஒண்ணுகூட இல்லடி," என்று கத்திக்கொண்டே சேற்றில் இறங்கி ஓடுகிறார், இரண்டே எட்டில் வழுக்கி, பக்கத்துக் கொத்தைப் பிடித்தபடி உட்கார்ந்துவிடுகிறார். கொத்து வேர் அசையாமல் நிற்கிறது.