பேரைத் தூக்கிட்டான்!

"பேரைத் தூக்கிட்டான், காலுலே! எவனோ நம்ம பேரைத் தூக்கிட்டான்!"

நகாயி போட்ட சத்தத்தில் காலுலே நாற்காலியோடு உருண்டு வந்து திரையைப் பார்த்தான். 'யங்குவா என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு பேக்கேஜ் இருக்கிறது. உரிமையாளர்: மம்பா.'

பைத்தான் நிரலைப் பேக்கேஜாகக் கட்டி இணையத்தின் பொதுக் கிடங்கில் ஏற்றுவது தலையைப் பிய்த்துக்கொள்ளும் வேலை. இருவரும் ஒரு வருஷம் மாடாய் உழைத்து அதை எளிதாக்கியிருந்தார்கள். அவர்களுடைய யங்குவா மென்பொருள் நாலே நாலு கேள்வி கேட்கும். பதில் சொன்னால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

நைரோபியிலிருந்து நிதி தரும் அம்மாள் இன்று வருகிறாள். புரோகிராமே தெரியாத ஒருவர் யங்குவாவை வைத்து ஒரு பேக்கேஜை வெளியிட்டுக் காட்ட வேண்டும். தவறினால் இந்த மாதத்தோடு கம்பெனிக்குப் பூட்டு. அதற்கு முன் யங்குவாவையே கிடங்கில் ஏற்றிவிடலாம் என்று பார்த்தால், இந்த இடி. கிடங்கில் முந்திக்கொண்டவனுக்குத்தான் பெயர் சொந்தம். பேனரிலிருந்து பனியன் வரை அதே பெயரை அச்சடித்தாகிவிட்டது.

"மம்பா மீன் குலம்! நம்மகிட்ட சண்டை போட்டுட்டு வேலையை விட்டுப் போனானே லுதாயா, அவன் குலம்தானே அது?" நகாயி போனை எடுத்தாள். "ஏன்டா, எங்க வயித்துல அடிச்சிட்டியே, நல்லா இருப்பியா?"

"அடிப்பாவி, நான் என்ன பண்ணேன்? கம்பாலாவுல தடுக்கி விழுந்தா மம்பா குலத்தான் மேலதான் விழணும். போனை வை!"

நகாயி போனை வைத்தாள். வேலை தேடி அலைந்த நாட்கள் நினைவுக்கு வர, அழுகை முட்டியது.

வாசலில் கார் நின்றது. முதலாளி உள்ளே வந்தார். மர வியாபாரி, பெற்றது இரட்டைப் பிள்ளைகள் என்பதால் ஊருக்கே சலோங்கோ. கூடவே நைரோபி அம்மாள்.

"வாங்கம்மா, உக்காருங்க. ஏம்மா நகாயி, முகம் ஏன் செத்துக் கிடக்கு?"

அவளால் மறைக்க முடியவில்லை. "யங்குவாங்கற பேரை எவனோ ராவோட ராவா பதிஞ்சுட்டான், சலோங்கோ. இப்ப நம்மளால ஏத்த முடியலை."

"எந்தத் திருட்டுப் பய? சொல்லு, முட்டிக்கு முட்டி தட்டச் சொல்றேன்!"

"மம்பான்னு போட்டிருக்கான்."

முதலாளியின் ஓங்கிய கை மெல்ல இறங்கியது.

"அது... நான்தாம்மா. காலுலே என் லேப்டாப்புல யங்குவாவைப் போட்டுக் கொடுத்தானே, நேத்து வீட்டுல சும்மா தட்டிப் பாத்தேன். நாலு கேள்வி கேட்டுச்சு. உரிமையாளர் யாருன்னப்ப, என் குலப் பேரு மம்பான்னு போட்டேன். பேக்கேஜுக்கு என்ன பேருன்னப்ப, எனக்குத் தெரிஞ்ச ஒரே பேரு யங்குவாதானே!"

"மர வியாபாரி, அதுவும் தெரியாத்தனமா வெளியிட்டுட்டாரா?" என்று கேட்ட நைரோபி அம்மாள், சிரிப்பை அடக்க மாட்டாமல் நிதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினாள்.