எவரிஸ்தோ பிறந்த வீடு

"இது என் வீடு. கதவை நல்லாத் தொறம்மா."

வாசலில் நின்ற பெரியவருக்கு எண்பதுக்குக் குறையாது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவருக்குப் பின்னால், படியேறி வந்த மூச்சிரைப்போடு ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி.

ஃப்ளாவியாவுக்குச் சுருக்கென்றது. ரோம் நகரத்து வேலையை உதறிவிட்டு, இந்த மலையுச்சி ஊரில் இந்தக் கல்வீட்டை வாங்கி ஆறு மாசம்தான் ஆகிறது. எழுநூறு வருஷத்துக் கோட்டைச் சுவர், குறுகலான கல்படிகள், செப்டம்பர் கடைசியில் மெல்ல இறங்கும் குளிர் எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டுத்தான் வந்தாள். உரிமை கொண்டாட ஒருத்தர் வந்து நிற்பார் என்று யாருமே சொல்லவில்லை.

"வீடு மாறி வந்துட்டீங்க ஐயா. இது நான் கிரயம் பண்ணின வீடு."

"நான் பொறந்த வீடு எனக்குத் தெரியாதா?" பெரியவர் சிரித்தார். "எங்கம்மா உள்ளதான் இருப்பா. எவரிஸ்தோ வந்திருக்கேன்னு சொல்லு."

அந்தப் பெண், அவர் மகள் நீவெஸ், தலை குனிந்தபடி, "அஞ்சே நிமிஷம்மா. பார்த்துட்டுப் போயிடுவார்" என்றாள்.

அதற்குள் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"அடடே, எவரிஸ்தோ அண்ணனா! எப்ப வந்தீங்க?" எர்சீலியா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தாள். "ஃப்ளாவியா, என்ன நிக்க வெச்சுப் பேசிட்டிருக்கே? அவர் வீடுதான். வழியை விடு."

ஃப்ளாவியா திகைத்துப் போனாள். 'நாலு தலைமுறையா பெத்ருச்சி குடும்பத்து வீடு' என்று கிரயத்தன்று சொன்னதே இந்த எர்சீலியாதான்! அந்தக் குடும்பத்தில் எவரிஸ்தோ என்று யாருமே இல்லை.

மூலையிலிருந்த மதுக்கடையிலிருந்து காஸ்பரேயும் வந்து சேர்ந்தான். "சாட்சிக்கு நான் இருக்கேன். இந்த வாசல்லதானே அண்ணே நாம கோலி ஆடுவோம்!"

"நீ எங்கடா ஆடினே? தோத்துட்டு அழுவே" என்றார் பெரியவர்.

காஸ்பரேக்கு அறுபதுகூட ஆகவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று ஃப்ளாவியாவுக்குப் பட்டது. அவள் வாய் திறப்பதற்குள் எர்சீலியா பெரியவரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்விட்டாள்.

அவர் கணப்பு அடுப்புப் பக்கம் போய்ச் சுவரைத் தடவினார்.

"இங்க ஒரு மாடம் இருக்குமே. உப்பு ஜாடி வைக்கிறது."

"ரிப்பேர் பண்றப்பப் பூசிட்டாங்க அண்ணே" என்றாள் எர்சீலியா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அந்தச் சுவரைக் கல் தெரியச் சுரண்டியவளே ஃப்ளாவியாதான். அங்கே மாடமும் இல்லை, மண்ணும் இல்லை.

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்.

"பரண்ல வைக்கோல் பரப்பி ஆப்பிளை அடுக்கி வெச்சிருப்பா. இந்த மாசம் வந்தா வீடு பூரா அந்த வாசனைதான். ஒண்ணு எடுத்துத் தின்னாக்கூடக் கண்டுபிடிச்சிடுவா. எப்படித் தெரியுமா? வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பா. அப்புறம் ஒரு அறை." அந்த அடி இன்னும் வலிப்பதுபோல் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. "அம்மா எங்க?"

நீவெஸ் எர்சீலியாவைப் பார்த்தாள்.

"தோட்டத்துக்குப் போயிருக்காங்க" என்றாள் ஃப்ளாவியா. தான்தான் பேசுகிறோம் என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "உங்களை உக்காந்திருக்கச் சொன்னாங்க."

"அப்ப சரி." பெரியவர் நிம்மதியாகச் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் கண் மூடியது.

தூங்கிவிட்டார் என்று தெரிந்ததும் ஃப்ளாவியா நீவெஸை ஜன்னலோரம் இழுத்தாள். இரக்கப்பட்டு ஒரு வார்த்தை சொன்னதே வினையாகிவிடுமோ என்ற பயம்.

"என்ன நாடகம் இது? ஊரையே சாட்சிக்குச் சேர்த்துக்கிட்டு வீட்டைப் புடுங்கலாம்னு பார்க்கிறீங்களா? பத்திரம் என்கிட்ட பத்திரமா இருக்கு. கோர்ட்டுலயே பார்த்துக்கலாம்."

நீவெஸின் கண் நிறைந்துவிட்டது.

"எங்கப்பா இந்த ஊர்க்காரரே இல்லம்மா."

அவள் ஜன்னல் வழியே எதிர் மலையைக் காட்டினாள். அங்கே இலை பழுக்கத் தொடங்கிய மரங்களைத் தவிர ஒன்றுமில்லை.

"அதோ, அங்கதான் இருந்துச்சு அவர் ஊர். மோந்தேமெர்லோ. இதே மாதிரி வளைவு வாசல், இதே மாதிரி கல்படி. அவருக்குப் பன்னெண்டு வயசுல மலை சரிஞ்சு, ஊரும் சனமும் ஒரே காலையில போயிடுச்சு. கீழ சந்தைக்கு வந்திருந்ததால இவர் ஒருத்தர் மிஞ்சினார். இத்தனை வருஷமா அதைப் பத்தி வாயே திறந்ததில்லை. இப்ப புத்தி தடுமாறினப்புறம், இலை மஞ்சளானாப் போதும், 'வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவா'ன்னு ஒரே பிடிவாதம். நான் எங்கேம்மா கூட்டிட்டுப் போவேன்?"

ஃப்ளாவியா நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். தூக்கத்திலும் அந்த முகத்தில் வீடு வந்து சேர்ந்த களை.

"அப்ப... இந்த வீடுன்னு எப்படி..?" என்று கேட்டாள்.

பெரியவருக்குக் குளிரக்கூடாதென்று அடுப்பில் கட்டை செருகிக்கொண்டிருந்த எர்சீலியா நிமிர்ந்து பார்த்தாள்.

"போன வருஷம் அவர் என் வீட்டுல பொறந்தார். அதுக்கு முந்தின வருஷம் காஸ்பரே வீட்டுல. இந்த வருஷம் உனக்குக் குடுத்து வெச்சிருக்கு, ஃப்ளாவியா."