ஒடிலோன் ஐயாவின் ஓட்டம்

"அப்பா, இன்னிக்கும் எட்டு கிலோமீட்டர். இந்த வயசுல மேட்டுல இப்படி ஓடுறீங்களே, எனக்கே பெருமையா இருக்குப்பா."

மகள் மரிஸ்தேலாவின் குரல் போனிலிருந்து வந்தது. ஒடிலோன் ஐயா பாலாடைக்கட்டி ரொட்டியைக் காப்பியில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்ற ஜெனிவால்தான் தனக்குக் கொடுத்த ரொட்டியைக் கையிலேயே வைத்திருந்தான்.

அந்த எட்டு கிலோமீட்டரும் அவன் ஓடியது. பிரேசிலின் பெலோ ஒரிசோன்சி நகரத்து மேட்டுத் தெருக்களில் குப்பை வண்டிக்குப் பின்னால் ஓடி, மூட்டைகளை அள்ளி வண்டிக்குள் எறிகிற வேலை அவனுக்கு. வண்டி யாருக்காகவும் நிற்காது. அள்ளுகிறவன்தான் ஓட வேண்டும்.

மரிஸ்தேலா இதய மருத்துவர், ஊரின் மறுகோடியில் இருக்கிறாள். தாத்தாவும் பெரியப்பாவும் மாரடைப்பில் போனவர்கள். அப்பாவாவது தப்பட்டும், தினமும் ஓடட்டும் என்று, போனைச் செருகிக் கையில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தாள். பட்டையின் உள்பக்கம் ஒரு சின்னப் பச்சை விளக்கு தோலோடு ஒட்டி மினுக்கிக்கொண்டே இருக்கும். ஓடிவிட்டு வீட்டுக்குள் வந்ததும் எல்லாக் கணக்கும் தானாக அவளுக்குப் போய்விடும்.

ஒடிலோன் ஐயாவுக்கு ஓட்டம் ஆகாது, சீட்டாட்டம்தான் ஆகும். ஒருநாள் காலை, குப்பை மூட்டையோடு அந்தப் பட்டையையும் ஜெனிவாலிடம் நீட்டினார்.

"நீ எப்படியும் ஓடத்தானேப்பா போறே. இதுவும் கூட வரட்டும். பாரமா என்ன?"

விளையாட்டுப்போல ஆரம்பித்தது. முதல் நடையில் வாங்கிக் கட்டிக்கொள்வான், வண்டி திரும்பி அந்தத் தெருவுக்கு வரும்போது கழற்றிக் கொடுப்பான். காப்பியும் ரொட்டியும் தயாராக இருக்கும். கூடவே மகளின் பாராட்டும்.

ரொட்டியைக்கூட விட்டுவிடலாம், அந்தப் பாராட்டைத்தான் விட முடியவில்லை. இத்தனை வருஷமாக ஓடுகிறான், நன்றாக ஓடினாய் என்று ஒருவரும் சொன்னதில்லை. ஒரு மகள் தன் அப்பனுக்குக் கொடுப்பதை வழியில் நின்று திருடித் தின்கிறோமே என்று வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால் உட்காரும்போதெல்லாம் தோன்றும்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. ஐயா நாளுக்கு நாள் ஊதிக்கொண்டே போனார். நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்தார். நாளையிலிருந்து நீங்களே ஓடுங்க என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். மழை விடட்டும் என்றார் ஒரு தடவை. மழை விட்டதும், வெயில் குறையட்டும் என்றார்.

இந்த நினைப்பிலேயே ஓடியதாலோ என்னவோ, அந்த வாரம் ஜெனிவாலுக்கு மேடு ஏறவில்லை. வண்டியின் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மூச்சு வாங்கினான். ஓட்டுநர் வால்டிர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான்.

"என்ன மாப்ளே, கிழவரு ரொட்டி போட்டுக் கெடுத்துட்டாரா? அடுத்த மூட்டையா உன்னையத்தான் உள்ள தூக்கிப் போடணும் போல."

ஜெனிவால் அடுத்த மூட்டைக்குக் குதித்து இறங்கினான். மனசு கனத்தால் நெஞ்சும் கனக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் வழக்கம்போலப் பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டு போனான். வண்டி சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது ஒடிலோன் ஐயா வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. எதிர்வீட்டு அம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சில்தான் கோளாறாம், ரொம்ப மோசமாம், மகளே ஆம்புலன்ஸோடு வந்துவிட்டாளாம் என்றாள்.

ஜெனிவாலின் கையிலிருந்த மூட்டை நழுவித் தெருவில் விழுந்தது.

ஐயாவை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் வெளுத்திருந்தது. ஜெனிவாலைக் கண்டதும் மகளுக்குத் தெரியாமல் விரலை உதட்டின்மேல் வைத்தார். சாகப்போகிற நேரத்திலும் மனுஷன் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறாரே என்று அவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

போய்விடலாம், வால்டிர் வேறு ஒலி எழுப்பிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆனால் கால் மரிஸ்தேலாவிடம்தான் போனது. அவள் முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றான்.

"டாக்டரம்மா, உங்க அப்பா ஒருநாளும் ஓடல. நான்தான் ஓடினேன். இத்தனை நாளும் இதை நான்தான் கட்டிக்கிட்டு ஓடினேன். ஓட வேண்டியவரை உக்கார வெச்சு நானே அவரைக் கொன்னுட்டேன்."

அவள் திட்டுவாள், அறைவாள் என்று தலைகுனிந்து காத்திருந்தான். அவளோ அவனுடைய ஆரஞ்சு நிறச் சட்டையின் கையை மேலே சுருட்டினாள். பட்டையின் ஓரத்தில் பச்சை விளக்கு மினுக்கியது.

தன் போனைத் திறந்து, நேற்றைய இதயத் துடிப்புக் கணக்கை இன்னொரு தடவை பார்த்தாள். அவனுடைய வியர்த்த முகத்தைப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, விடாமலே திரும்பிச் சொன்னாள்.

"அப்பா, நீங்க எறங்குங்க. இவர் படுக்கட்டும்."